நானூற்றுப் பதினேழின் சட்டை

மெட்டில்டா தன் கணவர் ஆபேலோடு பத்து வருஷமாக ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆபேல் செத்தும் அதே பத்து வருஷம்தான். செத்த மனுஷனோடு என்ன சண்டை என்று கேட்பீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு முடிச்சூர் வீட்டுப் பூட்டைத் திறப்பாள். செருப்பைக் கழற்றி, லைட்டைப் போட்டு, பையை நாற்காலியில் வைத்ததும் முதல் வேலை, ஹாலில் மாட்டியிருக்கும் ஆபேல் படத்துக்கு முன்னால் போய் நிற்பதுதான்.

"தண்ணில எறங்காதேன்னு சொன்னேனா இல்லையா? கேட்டியாய்யா நீ?"

அங்கிருந்து ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். அன்றைக்கு பஸ்ஸில் மிதித்தவன், ஆபீஸில் எரிச்சல் மூட்டியவர், தீர்ந்துபோன கேஸ் சிலிண்டர், எல்லாப் பழியும் ஆபேல் தலையில்தான். தாம்பரம் மின்சார ரயில் பணிமனையின் சீருடையோடு படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த மனுஷன் எதற்கும் வாய் திறக்கமாட்டார். பக்கத்து வீட்டு ரத்தினபாய்க்குச் சுவரைத் தாண்டி இந்தச் சத்தம் வந்தால்தான் டிவியில் சீரியல் போடும் நேரமாயிற்று என்று தெரியும்.

ஒன்று சொல்லவேண்டும். ஆபேல் உயிரோடு இருந்தவரை மெட்டில்டா அவரை 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டாள். இருபத்து மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட மரியாதை குறைந்ததில்லை. 'யா'வும் 'நீ'யும் அவர் செத்த பிறகு வந்ததுதான். பிள்ளைகள் இல்லை. நாத்தனார் திருநெல்வேலியோடு சரி. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தச் சண்டைதான்.

சண்டைக்குக் காரணம் இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளம். முடிச்சூர் பக்கம் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது இரண்டு பேரும் சர்ச் மாடியில் போய்த் தங்கினார்கள். மாடி முழுக்க நானூறு பேர், ஈரத்துணி நாற்றம், குழந்தைகள் அழுகை. மெட்டில்டாவுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாளே தொண்டைவலி. சர்ச்சுக்கு வந்ததும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஆபேல் எழுந்தார்.

"மாத்திரை பீரோ மேலதான கீது? போய் எட்த்தாந்துர்றேன்."

"இடுப்பளவு தண்ணிங்க. வேணாம், எறங்காதீங்க. சொன்னா கேளுங்க."

கேட்கவில்லை. மாத்திரையோடு வந்தார், கூடவே முழங்காலுக்குக் கீழே ஒரு கீறலோடும் வந்தார். தண்ணீருக்கடியில் வாசல் கேட்டின் துருப்பிடித்த கம்பி கிழித்திருந்தது. பெரிய காயம் இல்லை, ஒரு விரல் நீளம். மெட்டில்டா யாரிடமோ டெட்டால் கடன் வாங்கித் துடைத்தாள். ரயில் பெட்டியைத் தனியாளாகக் கழற்றிப் பூட்டிய ஐம்பத்தோரு வயது மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி காலை உதறினார். "எரியுதும்மா! உசுரு போவுது. ஊது மெட்டில்டா, ஊது!" அவளும் குனிந்து ஊதினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் அந்தத் தொண்டைவலியிலும் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் ஆபேலுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் கால் தொடைவரை சிவந்து வீங்கியது. டிராக்டரில் ஏற்றி, மெட்டில்டா லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோனார்கள். அங்கே நாற்பது மணி நேரம் இருந்தார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார்.

வெள்ளத்தில் லேபுக்கு வேறு யாரும் வந்து சேர முடியவில்லை. ஆபேலின் ரத்தத்தை வாங்கி வளர்ப்புத்தட்டில் தடவியவள், வளர்ந்ததைக் கண்ணாடி வில்லையில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள், எல்லாம் அவளேதான். மணிமணியாகக் கோத்த சங்கிலி தெரிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பதிவேட்டில் அதற்குக் கிடைத்த எண் நானூற்றுப் பதினேழு. ஆண், ஐம்பத்தொன்று, காலில் காயம் என்று எழுதினாள். 'எங்கிருந்து தொற்று' என்ற கட்டத்தில் 'வெள்ளத் தண்ணீர்' என்று எழுதினாள்.

அந்தக் கிருமியை அவள் சாகவிடவில்லை. சொன்னால் சிரிக்காதீர்கள். புருஷனைக் கொன்றது அது. ஆனால் அவர் உடம்பில் இருந்து வந்து இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே பொருளும் அதுதான். குளிர்ப்பெட்டியில் உறைய வைத்திருந்தால் ஐம்பது வருஷம் சும்மா கிடக்கும். ஆனால் அந்த வெள்ளத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் குளிர்ப்பெட்டியில் இருந்ததெல்லாம் கெட்டுப்போனதை அவள் கண்ணால் பார்த்தவள். அதனால் அதை நம்பவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, பழைய தட்டில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் புதுத் தட்டில் தடவுவாள். ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டு. மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். வருஷம் போகப்போக அந்தப் புள்ளிகள் பளபளவென்று மின்ன ஆரம்பித்தன. நன்றாக வளர்க்கிறேன் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

இந்தப் பெருமையைத்தான் ஸ்ம்ருதி வந்து உடைத்தாள்.

ஸ்ம்ருதி சேலையூர்ப் பெண், அந்தத் துறையில் பிஎச்டி செய்கிறவள். லேபில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒவ்வொன்றின் சட்டையையும் படிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சட்டை என்பது மெட்டில்டா வைத்த பேர். எம் புரோட்டீன் என்று சொல்வார்கள். கிருமியின் மேல்தோலில் மயிர் மயிராக நிற்கும் ஒரு புரதம் அது. நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் கிருமியைப் பிடித்து விழுங்க வந்தால், அந்தச் சட்டை பிடிகொடுக்காமல் வழுக்கிக் காப்பாற்றிவிடும். எப்படித் தைக்கவேண்டும் என்பதைக் கிருமிக்குள் ஒரு ஜீன் எழுதி வைத்திருக்கிறது. கிருமிக்குக் கிருமி அந்த எழுத்து மாறும், இருநூறு டிசைனுக்கு மேல் உண்டு. ஒரு டிசைன் ஒருமுறை நம்மைத் தாக்கி நாம் பிழைத்துவிட்டால், நம் ரத்தம் அந்த டிசைனை மட்டும் வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். மறுபடி வந்தால் அடையாளம் கண்டு தீர்த்துக்கட்டிவிடும். வேறு டிசைன் வந்தால் தெரியாது.

"அக்கா, இந்த நானூத்திப் பதினேழு வேஸ்ட்டுக்கா" என்றாள் ஸ்ம்ருதி ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. "சட்டை ஜீன் முழுசா இருக்கு. ரொம்ப ரேர் டைப் வேற. ஆனா அதை ஆன் பண்ற ஸ்விட்ச் ஜீன்ல மியூட்டேஷன். சட்டையே போடல. மொட்டையா நிக்குது."

மெட்டில்டா கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தாள். "எப்படிம்மா? நல்லாத்தான வளருது?"

"அதான்கா பிரச்சினை. யாரு இதை மாசாமாசம் தட்டுல மாத்திக்கிட்டே இருந்தது? தட்டுல இருக்கிறது செத்த ரத்தம், அங்க சண்டைக்கு யாரும் வரப்போறதில்ல. எதுக்குச் சட்டைன்னு கழட்டிப் போட்டுட்டு நல்லாத் தின்னு கொழுத்தவன்தான் ஜெயிப்பான். பாருங்க, காலனி எப்படிப் பளபளன்னு இருக்கு. சட்டை போட்டது மங்கலா, சுருங்கின மாதிரி இருக்கும்."

பிறகு பதிவேட்டைப் புரட்டியவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, இதைப் பாருங்கக்கா! தொற்று எங்கிருந்துன்னா, வெள்ளத் தண்ணியாம்! ஸ்ட்ரெப் போய் தண்ணிலயா? மனுஷத் தொண்டைலேர்ந்துதான வரும்? யாருக்கா இதை எழுதினது, செம காமெடி."

"யாராவது பழைய ஆளா இருக்கும்" என்றாள் மெட்டில்டா.

பழைய ஆள்தான். முப்பது வருஷ டெக்னீஷியனுக்கு அந்தக் கிருமி எங்கே குடியிருக்கும் என்று தெரியாதா என்ன? தெரியும். சர்ச் மாடியில் இருந்த நானூறு பேரில் யாரோ ஒருவர் தொண்டையில் இருந்து வந்திருக்கும் என்று தெரிந்தேதான் தண்ணீர் என்று எழுதினாள். தண்ணீர் என்றால்தானே இறங்கின ஆளைத் திட்ட முடியும்! ஊரும் சர்ச்சும் வெள்ளத்தில் போன ஆபேல் என்றே சொல்லிச் சொல்லி, அவளும் அதையே நம்பிப் பழகிவிட்டாள்.

துறையில் புதுக் குளிர்ப்பெட்டி வந்திருந்தது. இடம் குறைவு. சட்டையோடு இருக்கும் கிருமிகள் மட்டும்தான் அதில் போகும், மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமை கொதிநீராவி அடுப்பில் அழியும் என்பது மேலிடத்து உத்தரவு.

"நாலு நாள் குடும்மா" என்றாள் மெட்டில்டா. "பழைய முறை ஒண்ணு இருக்கு. மனுஷ ரத்தத்துல போட்டு எடுக்கிறது. மொட்டையா இருக்கிறதை எல்லாம் ரத்தம் தின்னுடும். கோடியில ஒண்ணு ரெண்டு சட்டை போட்டது மிச்சம் இருந்தா அது பிழைச்சு மேல வரும்."

"ஒரு டப்பா கிருமிக்கு எதுக்குக்கா இவ்ளோ பேஜாரு?"

"ரேர் டைப்புன்னு நீதான சொன்ன?"

சட்டைக்காரன் கிடைத்தால் ஸ்ம்ருதியின் ஆராய்ச்சிக்கும் லாபம்தான். கையை நீட்டினாள். "என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க. சும்மாதான ஓடிட்டு இருக்கு."

திங்கட்கிழமை மத்தியானமே மெட்டில்டா முதல் சுற்றைத் தொடங்கிவிட்டாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை ஏழு மணிக்கே லேபில் இருந்தாள். இரவில் வளர்ந்ததில் ஒரு சிட்டிகையைப் புது ரத்தத்தில் கலந்து, உடம்புச் சூட்டில் மூன்று மணி நேரம் சுழலவிட்டு, பிழைத்ததை எடுத்துத் தட்டில் தடவுவாள். முதல் தடவை வந்தது பத்துப் பன்னிரண்டு புள்ளிதான். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடியது. வியாழக்கிழமை காலை பார்த்தால் தட்டு நிரம்பியிருந்தது. பளபளப்பு சுத்தமாகப் போயிருந்தது. மங்கலாக, ஓரம் சுருங்கி, பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஈரம் சொட்டிய லேபில் அவள் பார்த்த அதே முகம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. 'வந்துட்டீங்களா' என்று வாய்க்குள் முணுமுணுத்ததை ஸ்ம்ருதி நல்லவேளை கேட்கவில்லை.

"சூப்பர்க்கா! ஆனா ஃபைலுக்கு இன்னொரு ஆள் ரத்தத்துலயும் வளரணும். ரெண்டு பேர் கணக்குக் காட்டணும்ல?"

"என்னுது எடுத்துக்கோ" என்று மெட்டில்டா சட்டென்று கையை நீட்டினாள். வேறு யாரையும் கேட்க அவளுக்கு மனசே வரவில்லை. கடைசிச் சோதனையாவது தன் ரத்தத்தில் நடக்கட்டும் என்று ஒரு ஆசை. ஆசை யாரை விட்டது?

வெள்ளிக்கிழமை காலை தட்டுகளை எடுத்தார்கள். ஸ்ம்ருதியின் ரத்தத்தில் போட்டது எண்ண முடியாத அளவு வளர்ந்திருந்தது. மெட்டில்டாவின் ரத்தத்தில் போட்ட தட்டில் ஒரு புள்ளி இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"கிருமியைப் போட மறந்துட்டேன் போலிருக்கு" என்றாள் மெட்டில்டா.

"நீங்களாவது, மறக்கிறதாவது! இருங்க, திரும்பப் பண்ணிடலாம். நாளைக்குச் சனிக்கிழமைதான, நானும் வரேன். அழிக்கிற லிஸ்ட்டை நான் பாத்துக்கறேன்."

இந்த முறை ஸ்ம்ருதியே செய்தாள். மூன்று குழாயில் மெட்டில்டாவின் ரத்தமும் நானூற்றுப் பதினேழும். நான்காவது குழாயில் அதே ரத்தமும், வேறு சட்டை போட்ட இன்னொரு ஸ்ட்ரெப்பும். சனிக்கிழமை பார்த்தால் மூன்று தட்டும் காலி. நான்காவது தட்டில் அந்த இன்னொருவன் ஜம்மென்று வளர்ந்திருந்தான்.

ஸ்ம்ருதிக்கு ஒரே குஷி. "தெரிஞ்சுடுச்சுக்கா! உங்க ரத்தம் நல்லாத்தான் இருக்கு, கிருமியும் நல்லாத்தான் இருக்கு. உங்க ரத்தத்துக்கு இவனைத் தெரியும்! இவனை மட்டும் அடையாளம் கண்டு அடிக்குது. எப்பவோ இதே டைப் உங்களுக்கு வந்து போயிருக்கு. ரொம்ப ரேர் டைப்க்கா, எங்க புடிச்சீங்க இதை? பழைய தொண்டைவலி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

மெட்டில்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஞாபகம் இருக்காவா! எச்சில் விழுங்க முடியாத அந்தத் தொண்டை. தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் ஆரம்பித்த தொண்டை. அந்த மாடியில் நானூறு தொண்டை இருந்தது என்று பத்து வருஷம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளே, அதில் ஒரு தொண்டை அவளுடையது என்பதை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தாள். அந்தத் தொண்டையோடு குனிந்து, திறந்து கிடந்த காயத்தின் மேல் ஊதினாள். ஒரு தடவை இல்லை, எரிச்சல் அடங்கும்வரை ஊதினாள். வாய்க்கு மாஸ்க் போடாமல் தட்டைத் திறக்காதே என்று லேபுக்கு வருகிறவர்களை எல்லாம் முப்பது வருஷமாக அதட்டுகிறவள் அவள்!

"ஸ்ம்ருதி" என்றாள். கனைத்துக்கொண்டாள். "அந்தப் பேஷண்ட்கிட்ட இருந்து எனக்கு வந்திருக்கலாம்ல? அப்ப லேப்ல நான்தான இருந்தேன்."

"வரலாம்க்கா. முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததான்னு ரத்தம் சொல்லாது. சந்திச்சிருக்கீங்கன்னு மட்டும்தான் சொல்லும்." ஸ்ம்ருதி நானூற்றுப் பதினேழின் குப்பிகளில் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். "எப்படியோ, இவன் தப்பிச்சான். புது ஃப்ரீசர்ல இடம் போட்டாச்சு."

ரத்தம் சொல்லாதுதான். தொண்டைவலி எந்த நாள் ஆரம்பித்தது, கேட்டுக் கம்பி எந்த நாள் கிழித்தது என்பது அவளுக்குத் தெரியுமே.

ஸ்ம்ருதி சாப்பிடப் போனதும் மெட்டில்டா பதிவேட்டை எடுத்தாள். 'வெள்ளத் தண்ணீர்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே சின்ன எழுத்தில் 'மனைவி, தொண்டைவலி' என்று எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். திருத்தினால் கையெழுத்துப் போடவேண்டும் என்பது லேப் விதி.

கல்லூரி வாசலில் பஸ் வர நேரமாயிற்று. தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, முடிச்சூர் பஸ் பிடித்தாள். ஜன்னலோர சீட் கிடைத்தது, அதை அவள் கவனிக்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் யாரும் மிதிக்கவும் இல்லை.

ஆறரைக்குப் பூட்டைத் திறந்தாள். லைட்டைப் போட்டாள். பை கையிலேயே இருந்தது. ஆபேல் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

'தண்ணில' என்று நாக்கு நுனிவரை வந்தது. பழக்கதோஷம். ஆனால் அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் ஒன்றும் செய்யவில்லையே, எதை வைத்துத் திட்டுவது? பத்து வருஷமாகக் கட்டிக்காத்த சண்டை ஒரே நாளில் காலியாகிவிட்டது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லாதது முதல் தடவையாகத் தெரிந்தது. ஃபேன் சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தமும் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் பையோடு உட்கார்ந்தாள். ஏழு மணி ஆயிற்று. எழுந்து சேலையைக்கூட மாற்றவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள். ரத்தினபாய்தான்.

"என்ன மெட்டில்டா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம். நான் சீரியலைக் கோட்டை விட்டுட்டேன்."

"ஒண்ணும் இல்லக்கா. தொண்டைதான் கொஞ்சம்."

"சுக்குத் தட்டிப் போட்டு காபி குடி" என்று சொல்லிவிட்டு ரத்தினபாய் போய்விட்டாள்.

மெட்டில்டா கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவள் வாய்க்கு அந்த இடத்தில் சண்டைதான் பழக்கம். புதுச் சண்டை ஒன்று தானாகவே வந்தது. பத்து வருஷமாக வைத்திருந்த 'யா' மட்டும் வரவில்லை.

"என்னங்க" என்றாள். "ஏங்க என்னை ஊதச் சொன்னீங்க?"